மூன்றாம் மெய்ப்பு

ராயப்பேட்டையில்
மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட தெருவில்
தகரத் தடுப்புக்குப் பின்னால் கமாலுதீன் பாயின் அச்சகம்.
பதினேழு வருடமாக அங்கே பிழை பார்க்கிறேன்.

நோன்புக் கால அட்டவணை,
உபவாச ஜெபத்துக்கு நோட்டீஸ்,
ஆடி வந்தால் கூழ் வார்க்கும் அழைப்பு.
எல்லாத் தெய்வங்களுக்கும் ஒரே சிவப்புப் பேனா.
அல்லேலூயாவில் லு குறிலா நெடிலா என்று
ஒரு போதகரோடு அரைமணி நேரம் சண்டை போட்டிருக்கிறேன்.
ஜெயித்தது அவர். காசு அவருடையது.

நம்புகிறாயா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
ஒற்று மிகும் இடங்களை நம்புகிறேன்.
மற்றதெல்லாம், பார்க்கலாம்.

நவம்பரில், மழை விட்டும் விடாத ஒரு மதியம்
நொச்சிக்குப்பத்திலிருந்து தேசிங்கு வந்தார்.
கண்ணீர் அஞ்சலி, இருநூறு தாள்.
மனைவி தனபாக்கியம்,
லூப் ரோட்டில் வஞ்சிரம் நறுக்கியவர்.
போட்டோவில், பேரத்தை அப்போதுதான் முடித்த முகம்.
வாசகம் அவரே எழுதியிருந்தார்,
ஐஸ் வாங்கிய ரசீதின் பின்பக்கத்தில்,
பேனா ஈரத்தில் வழுக்கி வழுக்கி:

இரைவனடி சேர்ந்தாள்.

கை தானாக வட்டம் போட்டது.
ஐயா, இங்க பெரிய ற வரணும்.
இந்த ர போட்டா இரை. தீனின்னு ஆயிடும்.

காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.
"இரை தெரியும்மா. தூண்டில்ல குத்துறது.
நாப்பது வருசமா குத்திக்கினு இருக்கேன்."
கொஞ்சம் பொறுத்து,
"அப்போ சாமிக்கு எந்த எழுத்து?"

வல்லினம், என்றேன்.
என் குரல் எனக்கே பள்ளிக்கூடமாகக் கேட்டது.

"வல்லினம்னா?"

அழுத்திச் சொல்றது. கடினம்.

"ஆமா," என்றார்.
"கரெக்டாத்தான் வெச்சிருக்கான்."

நூறு ரூபாய் முன்பணம் மேசையில் வைத்தார்.
அதன் மேல் என் பேப்பர் வெயிட்டை எடுத்து, நகர்த்தி, சரியாக வைத்தார்.
போய்விட்டார்.

இரண்டாம் மெய்ப்பில் பிழை இல்லை.
தேதி சரி, கிழமை சரி, வயது ஐம்பத்திரண்டு.
இன்னொரு படி எடுக்கச் சொன்னேன்.
தாள் என்ன விலை தெரியுமா என்றார் பாய்.
எடுத்தும் கொடுத்தார்.
சரியாக இருக்கும் ஒரு பக்கத்தை
அவ்வளவு நேரம் நான் பார்த்ததே கிடையாது.
இறைவனடி சேர்ந்தாள்.
இப்போது அது யாருடைய மனைவியாகவும் இருக்கலாம்.

எனக்கும் ஒரு நோட்டு உண்டு.
வரி முடிவதற்குள் நானே வட்டம் போட்டுவிடுவேன்.
அம்மா செத்த வருடத்துக்கு அதில் நான்கு சொற்கள்.
மூன்றை அடித்திருக்கிறேன்.
மிச்சம் இருப்பது "பிறகு".

திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறி
ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது,
அவருடைய ரசீது என் பையிலேயே வந்துவிட்டது.
ஒரு பக்கம், ஐஸ் மூணு பார், பாக்கி எண்பது.
மறுபக்கம் என் வட்டத்துக்குள் அந்தச் சின்ன ர,
வால் வளைந்து, தூண்டில் முள் மாதிரி.

கலங்கரை விளக்கம் தாண்டும்போது
கட்டடங்களுக்கு நடுவே கடல் தெரிந்தது, ஒரு விரல் அகலம்.
அதில் யார் முள், யார் இரை,
கரையில் கயிற்றைப் பிடித்திருப்பது யாராவது உண்டா,
பதினேழு வருடம் எழுத்துக் கூட்டிப் படித்தும்
எனக்குத் தெரியாது.

திருத்தியதைத் திரும்பப் பெற எங்கள் தொழிலில் ஒரு குறி இருக்கிறது.
சொல்லுக்கு அடியில் வரிசையாகப் புள்ளிகள்.
அப்படியே இருக்கட்டும் என்று பொருள்.
அதை நான் அதிகம் போட்டதில்லை.

ரயில் ஆடியது. புள்ளிகள் கோணலாக விழுந்தன,
இரைவனடிக்குக் கீழே ஐந்தோ ஆறோ.
சிவப்பு மை ரசீதின் ஈரத்தில் லேசாகப் பரவியது.
பேனாவை மூடவில்லை.
நோட்டை எடுத்து
அடித்த மூன்றில் ஒன்றுக்குக் கீழேயும் வைத்தேன்.

எந்தச் சொல் என்று சொல்ல மாட்டேன்.